கல்வெட்டு, விஞ்ஞாபனம், கசெற்: ஊர்க் கலைஞரின் தடம் பிடிப்பது

யாழ்ப்பாணத்தில் 'கல்வெட்டு' என்றால் கல்லில் வெட்டியது இல்லை. ஒருவர் காலமாகி 31ஆம் நாள், கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து, வீட்டுக்கிருத்தியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் வெளிக்கிடும்போது கையில் தரும் சின்னப் புத்தகம் அது. இப்போது அட்டையில் 'நினைவு மலர்' என்று போடுகிறார்கள். பேச்சில் இன்னும் கல்வெட்டுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்தால் சாமியறைத் தட்டில் தேவாரப் புத்தகங்களோடு சேர்ந்துவிடும். உள்ளே தேவாரம் முதலான ஐந்து திருமுறைப் பாடல்கள், அதாவது பஞ்சபுராணம், இருப்பதால் எறிய யாருக்கும் மனம் வராது. யாழ்ப்பாணத்துச் சின்ன மனிதர்களின் வரலாறு ஓரளவாவது மிஞ்சியிருப்பதற்கு அந்தப் பஞ்சபுராணம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

பெரிய பெயர்களுக்கு இந்தத் தேடல் அவ்வளவாகத் தேவையில்லை. தவிலுக்குத் தெட்சிணாமூர்த்தி (1933–1975), நாதஸ்வரத்துக்கு அளவெட்டி என்.கே. பத்மநாதன் (1931–2003), இசைநாடகத்துக்கு 'நடிகமணி' வி.வி. வைரமுத்து (1924–1989), ஒலிபரப்புக்குக் கரம்பொன்னில் பிறந்த சோ. சிவபாதசுந்தரம் (1912–2000). இவர்களைப் பற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வைரமுத்து அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று பாடிய இரவுகளில் ஆர்மோனியத்தில் இருந்தவர்கள் யார் யார்? பெரிய தவில்காரருக்குப் பக்கத்தில் இருந்து தாளம் போட்டவர் எந்த ஊர்? வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு வருசா வருசம் ஒலிபெருக்கி கட்டி, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பெயர் சொல்லி, நடுவில் 'பச்சைச் சட்டை போட்ட பிள்ளையொன்று மேடைக்குப் பக்கத்தில் நிக்குது, தாய் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போகவும்' என்று அறிவித்தவர் யார்? ஊருக்கு அவர்தான் வானொலி. இப்படியானவர்களுக்கு இருப்பது ஒரு கல்வெட்டு, நாலைந்து கோயில் விஞ்ஞாபனம் (திருவிழா அறிவித்தல் தாள்), அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கசெற் (ஒலிநாடா).

பொது இடத்தில் சேர்த்து வைத்ததற்கு என்ன நடந்தது என்பது தெரிந்த கதை. 1981 மே 31 இரவும் அடுத்த நாளும் யாழ் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் போரில் இடம்பெயர்ந்து வலிகாமப் பகுதி முழுவதும் வெளிக்கிட்டபோது கையில் எடுத்தது பிள்ளைகளையும் காணி உறுதிகளையும். கூத்துக் கொப்பியை எடுத்தவர் எத்தனை பேர்? ஆனால் கல்வெட்டுக்கு ஒரு வசதி உண்டு. சில நூறு பிரதி அடித்து ஊர் ஊராகப் போனது அது. செத்தவரின் வீட்டில் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டில் இருக்கும். ஒரு கலைஞரின் கல்வெட்டைத் தேடும்போது அவர் வீட்டுக்குப் போவதோடு நின்றுவிடாமல், பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு, அவர் வாசித்த கோயிலின் ஐயர் வீடு என்று போகவேண்டியது இதனால்தான்.

கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் திருப்புவது வாழ்க்கை வரலாற்றுப் பக்கம். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் படிக்கவேண்டியது திதி வெண்பா. நாலே அடி, இறந்த வருசம், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி அதற்குள் இருக்கும். கல்வெட்டு முழுவதிலும் நம்பகமான இடம் இதுதான், ஏனென்றால் வருசா வருசம் திவசம் செய்யவேண்டிய நாளை வீட்டார் இதிலிருந்துதான் எடுப்பார்கள். ஐயரிடம் கேட்டு, பஞ்சாங்கம் பார்த்து எழுதியது. அட்டையில் உள்ள ஆங்கிலத் தேதியோ அச்சுக்கோப்பவர் கையில் பட்டது. 1978 என்பது 1987 ஆக ஒரு எழுத்து இடம் மாறினால் போதும்.

ஒரு உதாரணம். வெண்பாவில் 'விக்கிரம ஆண்டு, ஆவணி, பூர்வபக்கம், தசமி' என்று வருகிறது என்று வைப்போம். வருசப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பிரபவ 1927இலும் 1987இலும் சித்திரையில் பிறந்தது. அதிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் விக்கிரம 14ஆவது, ஆக 1940 அல்லது 2000. எது என்பதைத் தாள் சொல்லும். பக்கத்தின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் ஈய எழுத்தில் கோத்தது, வழுவழுப்பாக இருந்தால் கணினியில் செய்தது. 2000 என்று முடிவானால், ஆவணி என்பது ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவரை. அந்த வருசம் ஓகஸ்ட் 29 அமாவாசை. பூர்வபக்கம் வளர்பிறை, அபரபக்கம் தேய்பிறை. எனவே அமாவாசை கழிந்து பத்தாம் திதி, செப்டெம்பர் 7 அல்லது 8. இந்த ஒரு நாள் இழுபறி இருக்கத்தான் செய்யும். திதி நள்ளிரவில் மாறாது. அது மாறும் நேரத்திலும் வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் வித்தியாசம் உண்டு. குடும்பம் எந்தப் பஞ்சாங்கம் பார்ப்பது என்று கேட்டு எழுதிவையுங்கள். சித்திரைப் பிறப்பை ஒட்டி நடந்த மரணமென்றால் இது இன்னும் முக்கியம், வருசப் பெயரே மாறிவிடும்.

பிறந்த தேதிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய ஆட்களுக்குப் பதிவு பிந்தியிருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்திருப்பார்கள். உத்தியோகத்துக்காக ஒரு தேதி, சாதகத்தில் ஒரு தேதி. இரண்டும் கிடைத்தால் சாதகக் குறிப்பை நம்புவேன். அதை எழுதியவனுக்குப் பொய் எழுத ஒரு காரணமும் இல்லை.

வாழ்க்கை வரலாற்றுப் பகுதி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது: 'யாழ்ப்பாணத்தின் சிரசெனத் திகழும்' ஏதோ ஒரு ஊர், 'நற்பண்புகளின் உறைவிடமான' தாய் தகப்பன். இதைத் தாண்டிப் போங்கள். பெயர்ச்சொற்களை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள்: குருவின் பெயர், கோயில், பள்ளிக்கூடம், சபா, கடல் கடந்து போன இடம். ஒவ்வொன்றையும் வயதோடு பொருத்திப் பார்க்கவேண்டும். காந்தி யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1927 நவம்பர், வாலிபர் காங்கிரஸின் அழைப்பில். 'காந்தியடிகளை வரவேற்ற தொண்டர்' என்று ஒருவரின் கல்வெட்டில் இருந்து, அவர் பிறந்தது 1922 என்றும் அதே பக்கத்தில் இருந்தால், அவரைத் தகப்பன் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் என்பதே அதிகபட்ச உண்மை.

வானொலி விசயத்திலும் இந்தச் சோதனை உதவும். கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பர். 'றேடியோ சிலோன்' என்ற பெயர் 1949இல் வந்தது. கூட்டுத்தாபனம் ஆனது 1967 ஜனவரியில். '1955இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் பாடினார்' என்ற வசனம் பிற்காலத்தில் ஞாபகத்திலிருந்து எழுதியது என்பது அதிலேயே தெரியும். அது பொய் என்று அர்த்தமில்லை. வருசமோ நிறுவனப் பெயரோ இரண்டில் ஒன்று பிழை, அவ்வளவுதான். தமிழில் முன்னும் பின்னும் 'இலங்கை'தான் என்பதால் 1972இல் நாட்டின் பெயர் மாறியது நமக்குத் துப்பு தராது. ஆனால் வானொலியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம் ஏதாவது பெட்டிக்குள் இருந்தால் தலைப்பில் 'சிலோன்' இருக்கிறதா 'ஸ்ரீலங்கா' இருக்கிறதா என்று பாருங்கள். பட்டங்களும் அப்படித்தான். 'கலாபூஷணம்' அரச விருது, 60 வயது தாண்டிய கலைஞர்களுக்குக் கொடுப்பது. 45 வயதில் கலாபூஷணம் என்று எங்காவது கண்டால் வயதைத் திரும்பச் சரிபாருங்கள். மற்றப் பட்டங்களுக்கு யார், எந்த மேடையில், எந்த வருசம் கொடுத்தது என்று தெரியாவிட்டால் பெயருக்கு முன்னால் போடாமல் விடுவதே நல்லது.

பெயரில்தான் அதிகம் தடுக்குப்படும். முதலெழுத்து தகப்பனுடையது, எனவே அண்ணன் தம்பி எல்லோருக்கும் ஒன்று. கந்தையாவும் சின்னத்துரையும் ஊருக்குப் பத்துப் பேர். கலைஞர்களை ஊர்ப் பெயரால் பிரிக்கலாம் என்று பார்த்தால் அதுவும் நிலையானது இல்லை. தெட்சிணாமூர்த்தியையே எடுங்கள்: பிறந்தது இணுவில், வாழ்ந்தது அளவெட்டி, தமிழ்நாட்டு மேடைகளில் 'யாழ்ப்பாணம்'. புகழ் பெற்றவர் என்பதால் மூன்றும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரிகிறது. புகழ் பெறாத ஒருவர் கலியாணம் கட்டி மனைவியின் ஊருக்குப் போயிருந்தால் விஞ்ஞாபனங்களில் இரண்டு ஆளாகப் பிரிந்து நிற்பார். இதைத் தீர்க்கக் கல்வெட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள வம்ச விருட்சத்தைத் தவிர வேறு வழி குறைவு. மருமக்களின் ஊரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலும் ஓட்டை உண்டு: இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள், குடும்பம் ஒதுக்கிவைத்த மகன், சாதி மாறிக் கட்டிய மகள் ஆகியோருக்கு அந்த மரத்தில் கிளை இராது.

பெண்களுக்கு நிலைமை இன்னும் மோசம். நடனம் படிப்பித்த ரீச்சரும் மாதர் சங்கத்தை நடத்தியவரும் பழைய மலர்களில் 'திருமதி' போட்டுக் கணவர் பெயரோடு மட்டும் வருவார்கள். 1923இல் 'தமிழ் மகள்' என்ற பத்திரிகையைத் தொடங்கிய மங்களம்மாள் மாசிலாமணியின் பெயர் முழுதாக நிற்கிறதென்றால் அவரே பத்திரிகை நடத்தியதால்தான். மற்றவர்களுக்கு அவர்கள் படித்த பெண்கள் பாடசாலையின் ஆண்டு மலரைத் தேடவேண்டும். அங்கே மட்டும்தான் பிறந்த வீட்டுப் பெயரில் இருப்பார்கள்.

இனி விஞ்ஞாபனம். கோயில் கொடியேற்றத்துக்கு முன் வீடு வீடாக வரும் மகோற்சவ அறிவித்தல். திருவிழா நாள்வாரியாக, உபயகாரர் பெயரோடு இருக்கும். கீழ்ப்பகுதியில் குருமார், நாதஸ்வரம், தவில், ஒலி-ஒளி அமைப்பு, கடைசி வரியில் அச்சகம். அந்தக் கடைசி இரண்டு வரிகளுக்காகவே அதைச் சேர்க்கலாம், ஒலிபெருக்கிக்காரரின் பெயர் வேறெங்கும் அச்சாவதில்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது. விஞ்ஞாபனம் நடந்ததைச் சொல்லும் தாள் இல்லை, நடக்கப்போவதைச் சொல்லும் தாள். அச்சடித்த பிறகு கலைஞருக்குத் துடக்கு (தீட்டு) வந்திருக்கலாம், வேறு கோயிலில் கூடக் காசு கொடுத்திருக்கலாம், ஊரடங்கு போட்டிருக்கலாம். எனவே 'வாசித்தார்' என்று எழுதாமல் 'விஞ்ஞாபனத்தில் பெயர் உண்டு' என்று எழுதுங்கள். ஒரே கோயிலின் ஏழெட்டு வருசத்துத் தாள்களை வரிசையாக வைத்தால் தனித்தாளில் தெரியாதது தெரியும்: இரண்டாவதாக வந்த தவில்காரர் எந்த வருசம் முதலாவதானார், எந்த வருசத்தோடு பெயர் காணாமல் போனார்.

நடந்ததற்குச் சாட்சி வேண்டுமென்றால் சனசமூக நிலையத்துக் கூட்டறிக்கைக் கொப்பியையும் கணக்குக் கொப்பியையும் பாருங்கள். நாடகத்துக்கு உடுப்பு வாடகை, பெற்றோல்மக்ஸ், ஒலிபெருக்கி என்று காசு கொடுத்த வரி இருந்தால் நாடகம் நடந்தது. காசு போகாத இடத்தில் யாரும் கணக்கு எழுதுவதில்லை.

பத்திரிகைத் துண்டுகளை வெட்டி வைத்திருப்பார்கள், தேதியில்லாமல். துண்டைத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கத்தில் வின்சர் தியேட்டரிலோ மனோகரா தியேட்டரிலோ எந்தப் படம் ஓடியதென்ற விளம்பரத்தின் பாதி இருந்தால் வருசத்தை மட்டுக்கட்டலாம். தாளே கோடு போட்ட கொப்பித் தாளாகவோ நிறத் தாளாகவோ இருந்தால் பத்திரிகைத் தாள் வராத 90களின் பொருளாதாரத் தடைக் காலம்.

வயதானவர்களிடம் கேட்கும்போது 'எந்த வருசம் ஐயா?' என்பது பயனில்லாத கேள்வி. அவர் உங்களைத் திருப்திப்படுத்த ஏதோ ஒன்று சொல்லுவார், அது பிறகு அச்சிலும் ஏறிவிடும். 'சூறாவளிக்கு முந்தியோ பிந்தியோ?' என்று கேளுங்கள். அது 1964 டிசம்பர். 'தமிழாராய்ச்சி மாநாட்டு நேரம் உங்கட கூத்து மேடையேறிட்டுதோ?' 1974 ஜனவரி. 'லைபிரரி எரிஞ்சதுக்குப் பிறகோ? இந்தியன் ஆமி வரேக்கை எங்கை இருந்தனீங்கள்? இடம்பெயர்ந்து போகேக்கை தவில் கையில இருந்ததோ?' இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்டால் மூன்று நாலு வருசத்துக்குள் வந்து நிற்கும். இன்னொன்று: கல்வெட்டையோ படத்தையோ இரவல் கேட்காதீர்கள். வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர்கள் உங்களுக்கு முன்பே வந்து போயிருப்பார்கள். அவர்கள் வீட்டு விறாந்தையிலேயே வைத்துப் படியெடுங்கள். அச்சுப் பக்கத்துக்கு 300 டிபிஐ போதும், புகைப்படத்துக்கு 600. கல்வெட்டின் நடுவில் கம்பி துருவேறியிருந்தால் இழுத்துப் பிரிக்காமல் பின்பக்கமாக அதன் இரண்டு காலையும் நிமிர்த்தி எடுங்கள், இல்லாவிட்டால் நடுத்தாள் துருவோடு கையில் வரும்.

கசெற்றுக்கு வருவோம். இதில்தான் ஆர்வக்கோளாறு அதிக சேதம் செய்கிறது.

முப்பது வருசம் தகரப் பேணியில் கிடந்த கசெற்றைக் கண்டதும் ஒரு பிளேயரில் போட்டு அமத்துவது முதல் பிழை. முதலில் வெளிச்சத்துக்குப் பிடித்து நாடாச் சுற்றின் பக்கவாட்டைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். ஓட்டினால் அது பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் படும், அடுத்த கசெற்றுக்கும் போகும். அதைப் புறம்பாக வையுங்கள். பிறகு நடுவில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி கம்மியும் ஏறியும் வரும், நாடா கெட்டுவிட்டதென்று நினைத்துவிடுவோம். உள்ளே நாடா நன்றாக இருந்தால் கூட்டை மாற்றிவிடலாம். ஐந்து திருகாணி போட்ட வெற்றுக் கசெற் ஒன்றைக் கழற்றி, நாடாச் சுருள் இரண்டையும் அதே பக்கம் பார்க்க இடம் மாற்றுங்கள். ஒட்டி மூடிய பழைய கூட்டைக் கத்தியால் கெளிக்கும்போது அலகு உள்ளே போகாமல் பார்க்கவேண்டும். அறுந்த நாடாவுக்கு வீட்டு ஒட்டுத்தாள் கூடாது, வெயிலில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள தாள் வேண்டும். மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்ரிக் நாக்கும் இன்னும் இருந்தால் உடனே உடைத்துவிடுங்கள், தப்பித்தவறிப் பதிவுப் பொத்தான் அமத்தினாலும் அழியாது.

ஓட்டுமுன் ஒருதரம் முழுதாக முன்னுக்கு ஓட்டி, முழுதாகத் திரும்பச் சுற்றுங்கள். வருசக்கணக்காக ஒரே இறுக்கத்தில் இருந்த நாடா தளர்ந்து சீராகும். சி-60, சி-90 இதைத் தாங்கும். சி-120 மெல்லிசு, இழுபடும். அதற்கு வேகமாகச் சுற்றுவதே ஆபத்து. ஹெட்டையும் றப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள், பஞ்சு பழுப்பேறாமல் வரும்வரை. அடுத்தது கோணம். பதிந்த இயந்திரத்தின் ஹெட் சாய்ந்திருந்த அளவுக்கு உங்கள் ஹெட்டும் சாயாவிட்டால் தாளச் சத்தமும் நாதஸ்வரத்தின் நுனியும் மழுங்கிவிடும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை ஓடும்போதே மெல்லத் திருப்பி, தாளம் கிணீரென்று கேட்கும் இடத்தில் விடுங்கள். திருப்பத் தொடங்குமுன் அதன் பழைய நிலையைக் குறித்துக்கொள்ளத் தவறினால் அடுத்த கசெற்றுக்கு அவதிப்படுவீர்கள்.

பதிவு 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பு. ஸ்ரீரியோவில் மணித்தியாலத்துக்கு 2 ஜிபி அளவில் வரும். இடம் இல்லாவிட்டால் 48 கிலோஹேர்ட்ஸ், அரைவாசி. உச்சம் −6 டெசிபெலைத் தாண்ட விடாதீர்கள். தவில் திடீரென்று ஏறும். இரைச்சல் நீக்கும் வேலையை மூலக் கோப்பில் செய்யவே கூடாது, அது இரைச்சலோடு வீதிச் சத்தத்தையும் சனத்தின் 'ஆஹா'வையும் கொண்டுபோய்விடும்.

யாழ்ப்பாணத்துக் கசெற்றுக்கென்றே ஒரு நோய் உண்டு: வேகம். 90களில் மின்சாரம் இல்லாத வருசங்களில் சைக்கிள் டைனமோவிலும் சாகப்போகும் பற்றரியிலும் ஓடிய றெக்கோடரில் பதிந்தவை நிறைய. மோட்டார் மெதுவாக ஓடும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறி, பாடகர் பிள்ளைக் குரலில் பாடுவார். மின்சாரத்தில் பதிந்ததென்றால் அடியில் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் இருக்கும்; மென்பொருளில் அது 53 என்று காட்டினால் ஒலி 6 சதவீதம் வேகம், ஏறக்குறைய அரைக் கட்டை ஏறியிருக்கிறது. 50க்கு இறக்கினால் சரி. டைனமோப் பதிவில் அந்த ரீங்காரம் இல்லை, வேகமும் மிதிக்கிற கால்களின் களைப்புக்கு ஏற்ப மாறிக்கொண்டிருக்கும். அங்கே அந்தக் கலைஞர் எத்தனை கட்டையில் வாசிப்பவர் என்று அவரோடு வாசித்த ஒருவரைக் கேட்டு, சுருதிப்பெட்டியை வைத்துத் துண்டு துண்டாகத்தான் திருத்தவேண்டும். திருத்தாத கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததை 2005இலிருந்து இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கலாம், நினைவு மலர்களுக்கும் ஆளுமைகளுக்கும் அங்கே தனிப் பகுதி இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு பிரதி, உங்களிடம் ஒன்று. கோப்புப் பெயரில் கோயில், திருவிழா, வருசம் மூன்றும் வரட்டும். 'அப்பாட கசெற் 2' என்று பெயர் வைத்த கோப்பை உங்கள் பிள்ளையே கண்டுபிடிக்காது.

படியெடுக்கும்போது கச்சேரி முடிந்தது போலத் தோன்றும் இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். சி-90இன் ஒரு பக்கம் 45 நிமிடம். கச்சேரி 31ஆவது நிமிடத்தில் முடிந்து வெறும் இரைச்சல் வந்தாலும், கடைசியில் நிறமில்லாத நாடா வந்து நிற்கும்வரை ஓடவிடுங்கள். முன்பு பதிந்திருந்ததை முழுதாக அழிக்காமல் மேலே பதிந்திருப்பார்கள். வால் பகுதியில் பழையது கிடக்கும். பதிந்தவர் பொத்தானை அமத்த மறந்துபோன கசெற் என்றால் இன்னும் நல்லது. தவில் ஓய்ந்து, சனம் எழும்பி, ஆரோ கதிரை இழுக்கிற சத்தத்துக்கு நடுவில் மைக்கில் ஒரு கரகரத்த குரல் வரும்: 'இத்துடன் இன்றைய மேளக்கச்சேரி நிறைவு பெறுகிறது. நாதஸ்வரம் வாசித்தவர்கள்...' என்று தொடங்கி, இரண்டாவது தவில், தாளம், ஒத்து என்று ஒருவரையும் விடாமல் ஊரோடும் பெயரோடும் சொல்லி, கடைசியாகத் தன் ஒலிபெருக்கிச் சேவையின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் அமத்துவார்.